ஆக்ஸிஜன் சென்சார் கோடு வந்தால் சென்சாரை மாற்றியே ஆக வேண்டுமா?

காரின் டேஷ்போர்டில் இன்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி ஓடுகிறது, பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை, ஆனால் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. ஷெட்டுக்குக் கொண்டு போனால் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஓ2 சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றுகிறோம். பத்து நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது பழகிய கதைதான். இதில் ஸ்கேனர் மீது தப்பு சொல்ல முடியாது. எந்த இடத்தில் இருந்து வந்த தகவல் சரியில்லை என்பதை மட்டும்தான் கோடு சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை, இல்லையென்றால் மெக்கானிக்கின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் நேராகப் பாகத்தை மாற்றப் போவதில்தான் காசு வீணாகிறது.

இந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது, கோடு வந்தால் என்னென்ன பார்க்க வேண்டும், எப்போது நிஜமாகவே மாற்ற வேண்டும் என்று பார்ப்போம்.

சைலன்சர் பைப்பில் இதற்கு என்ன வேலை?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிட அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் இருந்தால் மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள். பெட்ரோல் அதிகமாகிவிட்டால் 'ரிச்'. கார்புரேட்டர் காலத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, காதால் கேட்டு ட்யூன் செய்தார்கள். இன்று அதே வேலையை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ, வண்டி ஓடும்போதே விடாமல் செய்துகொண்டிருக்கிறது.

பெட்ரோல் அதிகமாகப் போகிறதா, குறைவாகப் போகிறதா என்று இசியூவுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஆக்ஸிஜன் சென்சார். லாம்ப்டா சென்சார் என்றும் சொல்வார்கள். எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இது பார்க்கும். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார், 1976-ல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. அடிப்படைத் தத்துவம் இன்றும் அதேதான்.

சென்சாரின் உள்ளே விரல் உறை மாதிரி ஒரு சிறிய சிர்கோனியா பீங்கான் துண்டு இருக்கும். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கமும் உள்ள ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ, அதற்கேற்ப ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்ஸிஜன் நிறைய இருந்தால், அதாவது லீனாக இருந்தால், சுமார் 0.1 வோல்ட். ஆக்ஸிஜன் இல்லாமல் ரிச்சாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட். நடுக்கோடு 0.45.

பீங்கான் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் இது வேலை செய்யும். அந்தச் சூடு சீக்கிரம் வருவதற்காகவே உள்ளே ஒரு குட்டி ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள். நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்கள் பெரும்பாலும் ஹீட்டருக்கானவை. மற்ற இரண்டில் ஒன்று சிக்னல், இன்னொன்று அதற்கான கிரவுண்டு.

இன்றைய கார்களில் இந்தச் சென்சார் பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால். இன்னொன்று அதற்குப் பின்னால். பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது முதல் சென்சாரின் பேச்சைக் கேட்டுத்தான். கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதுதான் இரண்டாவது சென்சாரின் முக்கிய வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் பின்னால் இருக்கும் சென்சாரை மாற்றிவிட்டு, 'மைலேஜ் ஏறவே இல்லையே' என்று கவலைப்படுபவர்கள் உண்டு.

கோடு நம்பரை முதலில் கேட்டு வாங்குங்கள்

"சென்சார் கோடு வருது" என்று சொன்னால் போதாது. எந்தக் கோடு என்று கேளுங்கள், முடிந்தால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நம்பருக்கு நம்பர் அர்த்தம் முற்றிலும் வேறு.

முன்பக்கச் சென்சாருக்கு பி0130-லிருந்து பி0135 வரை. பின்பக்கச் சென்சாருக்கு பி0136-லிருந்து பி0141 வரை. ஸ்கேனரில் 'பேங்க் 1 சென்சார் 1' என்று வந்தால் முன்னால் இருப்பது, 'சென்சார் 2' என்றால் பின்னால் இருப்பது. நாலு சிலிண்டர், மூணு சிலிண்டர் கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பேங்க்தான்.

இதில் பி0135, பி0141 இரண்டும் ஹீட்டர் சர்க்யூட் பற்றியவை. பி0131 என்றால் சென்சாரின் வோல்ட்டேஜ் கீழேயே கிடக்கிறது. பி0132 என்றால் மேலேயே நிற்கிறது. பி0133 என்றால் சென்சார் மெதுவாக அசைகிறது. பி0134 என்றால் அசைவே இல்லை. பி0171, பி0172 இரண்டும் சென்சார் கோடே கிடையாது. முதலாவது, கலவை லீனாக இருக்கிறது என்கிறது. இரண்டாவது, ரிச்சாக இருக்கிறது என்கிறது. இந்த இரண்டுக்கும் சென்சாரை மாற்றச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். தகவலைக் கொண்டுவந்தவனைத் தண்டிப்பது மாதிரிதான் அது.

கூடவே வேறு கோடு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பி0301, பி0302 மாதிரி மிஸ்ஃபயர் கோடுகள் சேர்ந்து வந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். ஏன் என்று கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

ஹீட்டர் கோடு: இதுதான் சுலபம்

பி0135 வந்தால் வேலை எளிது. முதலில் ஃபியூஸ். பல வண்டிகளில் சென்சார் ஹீட்டருக்கும் வேறு சில சோலனாய்டுகளுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அது போயிருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கோடு ஒரே நேரத்தில் வரும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் உள்ள ஒரே நிற ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சில ஓம்களில் இருந்து பதினைந்து ஓம் வரைக்குள் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டாமல் 'ஓப்பன்' என்று நின்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இனி பேச்சே இல்லை, சென்சாரை மாற்ற வேண்டியதுதான். ஹீட்டர் நன்றாக இருந்தும் கோடு வந்தால், வண்டிப் பக்கக் கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹீட்டர் போனால் வண்டி நிற்காது, அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் சென்சார் சூடாகும்வரை இசியூ அதன் பேச்சைக் கேட்காமல், தன்னிடம் இருக்கும் அட்டவணையைப் பார்த்து பெட்ரோல் விடும். வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து மார்க்கெட் என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடும் வண்டிக்கு இதில் பெட்ரோல் செலவு நன்றாகவே தெரியும்.

சென்சார் 'லீன்' என்கிறது. நம்பலாமா?

குழப்பம் எல்லாம் பி0131, பி0171 வகைக் கோடுகளில்தான். ஆக்ஸிஜன் சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் அல்லது இக்னிஷன் காயில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே சைலன்சர் பைப்புக்கு வருகின்றன. எரியாததால் ஆக்ஸிஜன் ஏராளம். சென்சார் அதைப் பார்த்து 'லீன்' என்கிறது. இசியூ இன்னும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஏற்கெனவே எரியாத பெட்ரோல், அதற்கு மேல் இன்னும் பெட்ரோல். இவ்வளவும் போய்ச் சேர்வது கேட்டலிடிக் கன்வர்ட்டரில். அங்கே எரிந்து, அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடக்கூடும்.

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. விலை பல ஆயிரங்களில் போகும், சில கார்களில் லட்சத்தைத் தொடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, சென்சாரை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தினால் இங்கே வந்து நிற்கும். இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை விரட்டாமல் ஓரம் கட்டுவது நல்லது.

இரண்டாவது சந்தேக நபர், சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் இருக்கும் லீக். ஓட்டை இருந்தால் புகை வெளியே போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் புகை தொடர்ச்சியாக வருவதில்லை, விட்டு விட்டு அலை மாதிரி வருகிறது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பைப்பில் உறிஞ்சல் உண்டாகி, அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். அந்த ஆக்ஸிஜனைத்தான் சென்சார் படிக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்து, இன்ஜின் சூடானதும் குறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். உலோகம் சூட்டில் விரிந்து ஓட்டை அடைபடுவதால்தான் சத்தம் குறைகிறது. கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, இன்ஜினுக்குள் கணக்கில் வராமல் நுழையும் காற்று. வெடித்த ரப்பர் ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் போன்ற இடங்கள். இங்கே சென்சார் சொல்வது முழு உண்மை. கலவை நிஜமாகவே லீன்தான். பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தாலும், இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் இதேதான் நடக்கும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி ஃபியூவல் டிரிம். கணக்குப்படி விட வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறேன் என்று இசியூ காட்டும் எண் இது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் 5 சதவீதம் இப்படி அப்படி இருந்தால் நல்லது. 10 வரை பரவாயில்லை. 20-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது.

ஐடிலில் டிரிம் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்று லீக். ஐடிலில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது, வேகம் எடுக்கும்போது உயர்ந்தால் பெட்ரோல் வரத்துக் குறைவு. இது பாடப்புத்தக விதி. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் கிடையாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும் மேப் சென்சார்தான். அந்த வண்டிகளில் காற்று லீக் ஆனால் டிரிம் அவ்வளவாக ஏறாது. அதற்குப் பதிலாக ஐடில் வேகம் ஏறும், அல்லது ஏறி இறங்கி ஆடும். டிரிம் நார்மலாக இருக்கிறதே என்று ஹோஸைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

2013 ஏப்ரலில் இருந்து பிஎஸ்4 கார்களில் ஓபிடி-2 வசதி கட்டாயம் ஆனது. ஸ்டியரிங்குக்குக் கீழே எங்காவது 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாயில் இருந்து கிடைக்கிறது. செல்போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் போதும். கோடை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உண்மையான விஷயம் 'லைவ் டேட்டா'வில்தான் இருக்கிறது.

முதலில் பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆப்பில் 'ஃபியூவல் சிஸ்டம் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும். அது 'குளோஸ்டு லூப்' என்று காட்ட வேண்டும். அப்போதுதான் இசியூ சென்சாரைக் கேட்டு நடக்கிறது என்று அர்த்தம். பிறகு திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 2,000 - 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, முன்பக்கச் சென்சாரின் வோல்ட்டேஜை கிராஃபாகப் பாருங்கள். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மேலும் கீழும் ஊஞ்சல் ஆட வேண்டும். பத்து நொடியில் நடுக்கோட்டை ஐந்தாறு தடவையாவது தாண்டினால் சென்சார் சுறுசுறுப்பாக இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலிவான அடாப்டர்கள் மெதுவானவை. திரையில் பத்து மீட்டரைத் திறந்து வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தகவல் வர நேரமாகும். நல்ல சென்சார் கூட சோம்பேறி மாதிரித் தெரியும். மற்றதை எல்லாம் மூடிவிட்டு இந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்.

அடுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை சட்டென்று மிதியுங்கள். வோல்ட்டேஜ் 0.8-க்கு மேல் தாவ வேண்டும். காலை எடுத்ததும் 0.1 பக்கம் விழ வேண்டும். நியூட்ரலில் சரியாக விழவில்லை என்றால் சாலையில் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில், கியரில் வைத்தபடியே காலை எடுத்தால் இசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது பைப்பில் வருவது வெறும் காற்றுதான். வோல்ட்டேஜ் தரைக்கு வந்தே ஆக வேண்டும். போனைப் பார்க்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மேலே சொன்ன இரண்டையும் உடனுக்குடன் செய்கிற சென்சார் நல்ல சென்சார். கோடு வந்திருந்தாலும் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். மேலே போகவும் கீழே வரவும் தயங்கி, வளைந்து வளைந்து நகர்ந்தால் வயதாகிவிட்டது.

எப்போதும் பூஜ்யத்திலேயே கிடந்தால்? இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு இக்னிஷனை மட்டும் ஆன் செய்து பாருங்கள். பல கார்களில் சிக்னல் ஒயரில் இசியூவே 0.45 வோல்ட் அளவில் ஒரு அழுத்தத்தை வைத்திருக்கும். கழற்றியதும் எண் அந்தப் பக்கம் ஏறினால் ஒயரும் இசியூவும் நலம். கழற்றிய பிறகும் பூஜ்யத்திலேயே நின்றால் ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது, அல்லது எலி தன் வேலையைக் காட்டியிருக்கிறது. சில கம்பெனிகள் வேறு அளவு அழுத்தம் வைப்பார்கள், அதனால் 0.45 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மாறுகிறதா இல்லையா என்பதைப் பாருங்கள்.

இன்டேக்கில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்து, செயற்கையாக ரிச் ஆக்கிப் பார்ப்பது மெக்கானிக்குகள் செய்யும் அடுத்த சோதனை. சென்சார் உடனே மேலே தாவினால் அது நல்ல சென்சார், கலவைதான் லீன். ஆனால் சூடான இன்ஜின் மேல் தீப்பற்றும் ஸ்ப்ரே என்பதால் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

ஊஞ்சல் ஆடாத சென்சாரும் உண்டு

மேலே சொன்னதெல்லாம் பழைய வகைச் சென்சாருக்கு. இப்போது பல கார்களில் முன்பக்கம் 'வைட்பேண்ட்' அல்லது 'ஏர் ஃபியூவல் ரேஷியோ' சென்சார் வருகிறது. லீனா ரிச்சா என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு லீன், எவ்வளவு ரிச் என்றும் அளந்து சொல்லும். இது ஊஞ்சல் ஆடாது. ஆப்பில் லாம்ப்டா 1.00 என்ற எண்ணைச் சுற்றி லேசாக அசைந்துகொண்டிருக்கும். பழைய பழக்கத்தில் இதைப் பார்த்து, 'அசையவே இல்லை, செத்துப்போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒயரை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதிலும் சிக்கல். ஐந்து ஒயர் இருந்தால் வைட்பேண்ட்தான். ஆனால் டென்சோ தயாரிக்கும் சில ஏர் ஃபியூவல் சென்சார்களுக்கும் நாலு ஒயர்தான், பார்ப்பதற்குச் சாதாரணச் சென்சார் மாதிரியே இருக்கும். பாக நம்பரை வைத்தோ சர்வீஸ் மேனுவலைப் பார்த்தோதான் உறுதி செய்ய வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்டினால் வேலை செய்யாது.

பி0420 வந்தால்

கன்வர்ட்டர் சரியாகச் சுத்தப்படுத்தவில்லை என்பது இந்தக் கோடின் பொருள். நல்ல கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார், 0.6 - 0.7 வோல்ட்டில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். முன்பக்கச் சென்சார் ஆடுவதைப் போலவே இதுவும் ஆட ஆரம்பித்தால், கன்வர்ட்டர் வெறும் பைப்பாகிவிட்டது என்று பொருள். சென்சார் 2-ஐ மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை இங்கேதான் அதிகமாக வரும். அது ஆடுகிறது என்றாலே அது உயிரோடு இருக்கிறது. பின்பக்கச் சென்சாருக்கு அருகே லீக் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கன்வர்ட்டரையும் அது ஏன் கெட்டது என்பதையும் பாருங்கள்.

சென்சாருக்கு அடியில் ஒரு 'ஸ்பேசர்' வைத்து இசியூவை ஏமாற்றித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். விளக்கு அணையும், புகை அப்படியேதான் இருக்கும். பிஎஸ்4 முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருவியில் ஒழுங்காகச் சோதித்தால் அங்கே மாட்டிக்கொள்ளலாம். மாசு விதியை மீறினால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சென்சாரைக் கொல்வது எது?

ஹீட்டர் உள்ள நவீனச் சென்சார் நல்ல நிலையில் 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கும். அதற்கு முன்பே அடிக்கடி போகிறது என்றால் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. கழற்றிய பிறகு அதன் நுனியைப் பாருங்கள். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் இன்ஜின் ரிச்சாக ஓடுகிறது. புதுச் சென்சாருக்கும் அதே கதிதான். வெள்ளைப் படிவு இருந்தால் சிலிக்கான். சமீபத்தில் இன்ஜின் வேலை நடந்தபோது கண்ட கண்ட சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவியிருக்கலாம், அல்லது கூலன்ட் உள்ளே கசிந்து எரிந்துகொண்டிருக்கலாம். செங்கல் நிறம் தெரிந்தால் மாங்கனீசு கலந்த ஆக்டேன் பூஸ்டர். ஆயில் எரியும் இன்ஜினிலும் சென்சார் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காரணத்தைச் சரி செய்யாமல் அடுத்த சென்சாரை மாட்டுவது காசைச் சைலன்சரில் போடுவதுதான்.

இ20 பெட்ரோலால் சென்சார் கெடுகிறதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அது எரிவதற்குக் காற்று குறைவாகப் போதும். அதனால் இசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி விடும், ஃபியூவல் டிரிம் சில சதவீதம் ஏறும். இது சென்சார் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்தான். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே மைலேஜ் லேசாகக் குறைந்ததை மட்டும் வைத்துச் சென்சாரைக் கழற்ற வேண்டாம். ஏற்கெனவே டிரிம் எல்லையில் நிற்கும் பழைய வண்டி, அந்தக் கூடுதல் சில சதவீதத்தில் கோட்டைத் தாண்டி விளக்கைப் போடலாம். அங்கேயும் பார்க்க வேண்டியது முதலில் இருந்த அந்தப் பழைய கோளாறைத்தான்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட் பின்னால் பொருத்திய வண்டி என்றால் மெக்கானிக்கிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். சில பழைய கிட்டுகளில், கேஸில் ஓடும்போது சென்சாருக்குப் பதிலாகப் பொய்யான ஒரு சிக்னலை அனுப்பும் எமுலேட்டர் இருக்கும். திரையில் தெரிவது சென்சாரா எமுலேட்டரா என்று தெரியாமல் சோதித்தால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். பெட்ரோலில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவான பிறகு

சென்சாரின் பாக நம்பரைக் குறித்துக்கொண்டு, அதே நம்பருக்கோ அல்லது பாஷ், டென்சோ, என்டிகே போன்ற தயாரிப்பாளர்களின் பொருத்தமான மாடலுக்கோ போங்கள். கார் கம்பெனிகளுக்குச் சென்சார் செய்து தருபவர்களே இவர்கள்தான். போலி நிறைய வருகிறது, பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஒயரை வெட்டி ஒட்டும் 'யூனிவர்சல்' சென்சார் விலை குறைவு. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்று பல சென்சார்களில் அந்த ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் உருக்கிப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும். கனெக்டருக்குள் கிரீஸோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ அடித்தாலும் அதே பிரச்சினை. என்னைக் கேட்டால், சொந்த கனெக்டரோடு வரும் சென்சாரையே வாங்கிவிடுவது மேல். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கனெக்டருக்குள் தண்ணீர் இருந்திருக்கும், அங்கே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு 22 எம்எம் ஸ்பேனர், அல்லது ஒயர் போக இடுக்கு விட்ட தனி சாக்கெட் வேண்டும். மரை இறுகிப் போயிருந்தால் இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது எளிதாக வரும், கை பத்திரம். புதுச் சென்சாரின் மரையில் பெரும்பாலும் பேஸ்ட் தடவியே வரும். தனியாகத் தடவ நேர்ந்தால் நுனியில் படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான்.

மாட்டியதும் கோடை அழித்துவிட்டு, 'சரி ஆயிடுச்சு' என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கோடு அழிந்தால் விளக்கு எப்படியும் அணையும். அதே லைவ் டேட்டாவை மறுபடியும் காட்டச் சொல்லுங்கள். வோல்ட்டேஜ் ஆடுகிறதா, டிரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதா என்று பாருங்கள். இசியூ தன் சோதனைகளை எல்லாம் முடிக்க, நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து சில நாள் ஓட்ட வேண்டியிருக்கும். ஆப்பில் 'ரெடினெஸ் மானிட்டர்' பகுதியில் ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிஸ்ட் இரண்டுக்கும் எதிரே டிக் விழுந்து, புதுக் கோடு எதுவும் வராமல் இருந்தால் வேலை முடிந்தது. டிரிம் மட்டும் 20-லேயே நின்றால், பழைய சென்சாரைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டு, ஹோஸையும் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.